இரண்டு இருக்கை வண்டி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் புவியியல்)

மார்கழி பிறந்துவிட்டது என்பதை மற்றவர்கள் கோலத்தைப் பார்த்தும் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டும் அறிவார்கள். நான் அப்பாவின் இருமலைக் கேட்டு அறிவேன். கார்த்திகை முடியும்போது விடியற்காலையில் ஒன்றிரண்டாகத் தொடங்கும். மார்கழி பத்துத் தேதிக்குள் அது இரவு முழுவதும் நீண்டுவிடும். சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே அவர் உறங்குவார். உறங்குவார் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.

அம்பத்தூரில் குளிரா என்று உதகையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பர்கள் சிரிக்கலாம். வெப்பமானி இருபதுக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே நாங்கள் மப்ளர் கட்டுகிறவர்கள்தாம். ஆனால் எங்கள் பக்கத்துக் குளிரில் ஒரு கெடுதல் உண்டு. கடற்கரையிலிருந்து ஆவடி, பூந்தமல்லி எல்லாம் உள்ளே தள்ளி இருக்கின்றன. இரவில் தரை விரைந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல் நிற்கிறது. தொழிற்பேட்டைப் புகையும் லாரிப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் மேலே செல்ல வழியின்றி நம் மூக்கின் உயரத்திலேயே உலவுகின்றன. வெயில் ஏறிய பிறகுதான் அந்த மூடி திறக்கும். இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் இதை வரைந்து காட்டியபோது, வகுப்பில் எல்லோரும் படத்தை வரைந்துகொண்டார்கள். நான் வரையவில்லை. அந்தப் படம் எங்கள் வீட்டில் தினமும் இருமிக்கொண்டிருந்தது.

அப்பா பத்தொன்பது ஆண்டுகள் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தார். 1964-இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அப்படிச் சிறிய பட்டறைகள் நிறைய இருந்தன. வார்த்த இரும்பிலிருந்து மணலைத் தட்டி உதிர்த்து, பிசிறை அரைத்து எடுப்பது அவர் வேலை. அந்த மணல்தூள் கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்குத் தெரியும். பட்டறை மூடப்பட்ட பிறகு, பழைய குட்டியானை ஒன்றைக் கடனுக்கு வாங்கினார். அம்பத்தூர், ஆவடி, திருமழிசை, பூந்தமல்லி என்று பதினோரு ஆண்டுகள் லோடு அடித்தார். நான் இந்தக் கல்லூரியில் படிப்பது அந்த வண்டியால்தான்.

2018 போகியை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். சனவரி 13. புகைமூட்டத்தில் விமானங்கள் சென்னையில் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்ட நாள். செய்தித்தாளில் விமானங்களைப் பற்றி எழுதினார்கள். அன்றுதான் அப்பா முதன்முதலாக மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் படுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு போகியும் எங்களுக்கு ஒரு கண்டம்.

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அப்பா மாதந்தோறும் போய்வருவார். 1928-இல் சௌரி முத்து என்ற மருத்துவர் தொடங்கிய இடம் அது. மருந்துகள் அதிகம் இல்லாத அந்தக் காலத்தில் தூய காற்றும் வெயிலும் ஓய்வுமே பெரும் மருந்தாக இருந்தன. அதனால்தான் ஊரைவிட்டு ஒதுங்கிய இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். இன்று ஊர் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டுவிட்டது. 2024 டிசம்பரில் அங்கே ஒரு டாக்டர், மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டுப் பேச்சுவாக்கில், "தை பாதி வரைக்கும் கடலோரமா எங்கயாவது சொந்தக்காரங்க இருந்தா போய் இருங்களேன். மருந்து மட்டும் விடாதீங்க" என்றாராம்.

அவர் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ராமேஸ்வரம் போவோமா?"

அப்பா சிரித்தார். சிரித்ததால் இருமினார். இருமி முடித்துவிட்டு, "வண்டியிலயே போலாம்" என்றார்.

நான் குறுக்கே விழுந்தேன். ரயிலில் போகலாமே என்றேன். இரண்டு வாரம் மூன்று வாரம் என்று அங்கங்கே தங்கிப் போக ரயில் ஒத்துவராது, அடுப்பும் மெத்தையும் ரயிலில் ஏறாது என்றார்கள். வழியில் மூச்சு முட்டினால் யார் வண்டி ஓட்டுவது என்றேன். "ஓரமா நிறுத்துவாரு" என்றாள் அம்மா. நானும் வருகிறேன் என்றேன். "குட்டியானையில ரெண்டு சீட்டுதான்டா" என்றார் அப்பா. அந்த இரண்டாவது இருக்கை இத்தனை ஆண்டுகளும் லோடு இறக்கும் ஆளுக்கு உரியது. அம்மா ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உறைத்தும் என்ன? அன்றிரவு ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து, என் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மறுநாள் காலை அம்மா என்னிடம் கேட்கவே இல்லை. நேராக அலமாரிக்குப் போய், மூன்று புத்தகங்களை நகர்த்தி, சாவியை எடுத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். பிறகு, "இந்த ரூம்லயே வெச்சு அவரைப் பார்த்துக்கிட்டிருந்தா என்னடா ஆவும்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

2025 சனவரி 2, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளம்பினார்கள். பின்னால் மெத்தை, மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, தார்ப்பாய். வெறும் வண்டி மேடுபள்ளத்தில் துள்ளும் என்று இரண்டு மணல் மூட்டைகளும் ஏற்றினார் அப்பா. வாழ்நாளெல்லாம் மணலால் கெட்டவர், வண்டி ஆடாமல் இருக்க மணலைத்தான் நம்பினார்! சட்டம் ஒன்று வகுத்துக்கொண்டார்கள்: பனி விலகிய பிறகே புறப்படுவது, நான்கு மணிக்கு எங்கிருந்தாலும் நிறுத்திவிடுவது. இரவு எட்டு மணிக்கு எனக்குப் போன்.

தொழிற்பேட்டை அருகில் புறவழிச்சாலையில் ஏறிப் பெருங்களத்தூரில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் செங்கற்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம். விக்கிரவாண்டியில் கும்பகோணம் சாலைக்குத் திரும்பினார்கள். முந்தைய நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிப் பெய்த பெருமழையில் விழுப்புரம் பக்கம் ஊர் ஊராக மூழ்கியது நினைவிருக்கும். ஒரு மாதம் கழித்தும் வயல்களில் வண்டல் படிந்து கிடந்ததாம். முதல் இரவு பண்ணுருட்டி. மறுநாள் மதியம் வடலூர்த் தருமசாலையில் சாப்பாடு. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பார்கள். "புகை இருக்குமேன்னு பயந்தேன், உங்கப்பா ரெண்டாம் தரம் சோறு வாங்கினாரு" என்றாள் அம்மா போனில். மூன்றாம் தேதி இரவு, "கும்பகோணம் வந்துட்டோம், நல்லா இருக்கோம்" என்றாள். நான்காம் தேதியும் கும்பகோணத்திலிருந்தே பேசினாள். ஏன் அங்கேயே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கோயில் பார்த்தோம் என்றாள். நானும் நம்பினேன்.

ஐந்தாம் தேதி திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். அப்பாவோடு பட்டறையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவரும் இருமுகிறவர்தாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அவருடைய தென்னைகளை எல்லாம் சாய்த்துவிட்டது. பிள்ளைபோல் வைத்த புதிய கன்றுகள் இப்போதுதான் தலைதூக்குகின்றன. "அண்ணே, அண்ணி, பொங்கல் வரைக்கும் இங்கேயே இருங்க" என்று அவர் பிடித்துவைத்துக்கொண்டதில் ஐந்தாறு நாள்கள் ஓடின. உப்பளங்களைப் பார்த்தார்கள். 1930 ஏப்ரலில் இராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பெடுத்த மண் அது. அவர்கள் நடந்த தூரம் ஏறத்தாழ இருநூற்று நாற்பது கிலோமீட்டர் என்று நான் சொன்னபோது, அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூச்சு இருந்திருக்கு" என்றார்.

அங்கிருந்து பத்துப் பதினொரு கிலோமீட்டரில் கோடியக்கரை. 1967 முதல் சரணாலயம். 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து இறங்கும் இடம். அம்மா தன் வாழ்க்கையில் அன்றுதான் பூநாரையைக் கண்டாள். "வரிசையா நிக்குதுடா, ரேஷன் கடையில நிக்கிற மாதிரி. எல்லாம் குளிருக்குப் பயந்து வந்ததாம்" என்றாள். "நம்மள மாதிரிதான்" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஓய்வு பெற்ற கிழத் தம்பதிகள் குளிர் தொடங்கியதும் வண்டியைக் கட்டிக்கொண்டு புளோரிடா பக்கம் போய்விடுவார்களாம். அவர்களை அங்கே 'பனிப்பறவைகள்' என்றே அழைக்கிறார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு ஓய்வூதியமும் வீடு போன்ற வண்டியும் உண்டு. எங்கள் வீட்டுப் பனிப்பறவைகளுக்கு மஞ்சள் எண்பலகை.

பதினொன்றாம் தேதி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கட்டுமாவடி வழியே கடலோரமாகவே போய்த் தொண்டியில் தங்கினார்கள். பன்னிரண்டாம் தேதி பாம்பன் பாலத்தைக் கடந்து, தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுத் தோட்டம் ஒன்றை ஒட்டி வாடகைக்கு ஓர் அறை பிடித்தார்கள்.

மறுநாள் போகி. விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்தது. தெருக்கோடியில் டயர் எரிக்கும் நாற்றம். சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு ஓர் அழுக்கு மஞ்சள் உருண்டையாகத் தெரிந்தது, எதிர்வீடு தெரியவில்லை. பழக்கத்தில் ஈரத் துண்டை எடுத்துக் கதவிடுக்கில் செருகினேன். செருகிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கட்டில் காலியாக இருந்தது. இருமல் இல்லாத வீடு எத்தனை பெரியது! ஏழு ஆண்டுகளில் முதல் தடவையாக ஒரு போகிக் காலையில் எனக்கு வேலை எதுவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தேன். காரணம் தெரியாமல் அழுகை வந்தது. ஆறு மணிக்குப் போன் அடித்தேன். "அவர் தூங்கறாருடா. படுத்துத் தூங்கறாரு" என்றாள் அம்மா. அந்த 'படுத்து' என்ற சொல்லை அவள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்பதை எழுத்தில் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே எழும்பூரில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினேன். பொங்கல் கூட்டத்தில் விழுப்புரம் வரை ஒற்றைக் காலில் நின்றேன் என்றால் மிகையில்லை. அப்போது பழைய பாம்பன் ரயில் பாலம் மூடப்பட்டிருந்ததால் ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து பேருந்தில், 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின்மேல் போனேன். பக்கத்தில் புதிய ரயில் பாலம் கட்டி முடிக்கப்பட்டுத் திறப்புக்காகக் காத்திருந்தது. அது அந்த ஆண்டு ஏப்ரல் 6-இல்தான் திறக்கப்பட்டது. பேருந்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் தங்கச்சிமடம் நிறுத்தத்தைத் தவறவிடாமல் இருப்பதிலேயே கண்ணாக இருந்தேன்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாய்ந்துகொள்ளாமல் நின்றார். முகம் கறுத்திருந்தது, வெயில் கறுப்பு. "என்னடா, எளச்சுப் போயிட்ட" என்று என்னைக் கேட்டார்!

வண்டியின் பின்பலகையைத் தாழ்த்தி, அதன்மேல் ஸ்டவ்வை வைத்து அம்மா பொங்கலிட்டாள். கடற்காற்றில் திரி அணைந்து அணைந்து எரிந்ததால் பானை பொங்குவதற்குப் பதினோரு மணி ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு அம்மா பாத்திரம் கழுவப் போனபோது, முன் இருக்கையில் அவளுடைய கணக்கு நோட்டைப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு. டீ, டீசல், சுங்கம், காய்கறி. சுங்கச்சாவடியில் பணம் கழிந்ததாகப் போனுக்கு வரும் செய்தியைக்கூடப் பார்த்து எழுதியிருந்தாள். ஒவ்வொரு நாள் அடியிலும் ரூபாயோடு சேராத இன்னொரு கணக்கு இருந்தது. 'இழுப்பு' என்று எழுதி ஓர் எண். அப்பா மூச்சுத் திணறும்போது இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சுகிற தடவைகளின் கணக்கு அது என்று சற்று நேரம் கழித்தே புரிந்தது. சனவரி 1, அம்பத்தூரில்: இழுப்பு 8. பண்ணுருட்டி: 7. வேதாரண்யத்தில் 5, 4, 4. போகி அன்று: 2.

நடுவில் ஒரு பக்கம் மட்டும் மடித்திருந்தது. 'தேதி 3. கும்பகோணம். இழுப்பு 11. ராத்திரி ஆட்டோ 150. பெரியாஸ்பத்திரியில் புகை மருந்து வைத்தார்கள், செலவு இல்லை. பையனிடம் சொல்லவில்லை.'

விக்கிரவாண்டிக்கு இப்பால் சாலையை அகலப்படுத்தும் பணியில் கிளம்பிய புழுதியை இரண்டு நாள்கள் விழுங்கியதன் பலன் அது. நான்காம் தேதிக் கணக்கில், 'பட்டீஸ்வரம் துர்க்கை, அர்ச்சனை' என்று இருந்தது. அப்பா வண்டிக்குள் படுத்திருக்க, அம்மா மட்டும் டவுன் பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறாள். எனக்குத் தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது. பட்டீஸ்வரத்தை ஒட்டித்தான் சத்திமுற்றம் இருக்கிறது. துணையோடு தென்குமரிக்குப் போய் வடக்கே திரும்பும் நாரையைப் பார்த்து, தான் குளிரில் வாடுவதை ஊரில் இருக்கும் தன் மனைவியிடம் சொல்லும்படி பாடிய புலவரின் ஊர். புலவராவது தன் துன்பத்தைச் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டில் சொல்லாமல் மறைத்தார்கள்.

கோபம் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் நின்றேன். "இதுக்குத்தான் வேணாம்னேன். ஏன் சொல்லல?"

அம்மா பானையைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சொன்னா நீ கெளம்பி வந்திருப்ப. திரும்பி வான்னு சொல்லியிருப்ப. அவரும் திரும்பியிருப்பாரு."

"திரும்பினா என்ன?"

"திரும்பினா போகி."

அப்பா இதையெல்லாம் கேட்டும் கேளாதவர்போல் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காணும் பொங்கல் கூட்டம் கலைந்ததும், பதினேழாம் தேதி தனுஷ்கோடிக்குப் போனோம். போனோம் என்றால் அவர்கள் வண்டியில், நான் பின்னால் பேருந்தில். 1964 டிசம்பரில் புயல் ஒரே இரவில் ஊரையும் ரயிலையும் கொண்டுபோன இடம். இடிந்த தேவாலயச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இருபுறமும் கடல், சாலை வட்டமாக வளைந்து ஒரு தூணைச் சுற்றி முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மணல்தான். நான் இறங்கிப் பார்த்தபோது அம்மா முன் இருக்கையில் கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா மணலில் நடந்துகொண்டிருந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்றார். ஆனால் நடந்தார். நீர்விளிம்பு வரை போய், திரும்பிப் பார்த்து, அம்மாவை வா என்று கையை அசைத்தார். அவள் செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

நான் போகவில்லை. பேருந்து நிழலில் நின்று, சுண்டல் வாங்கித் தின்றேன்.

நான் பத்தொன்பதாம் தேதி கல்லூரிக்குத் திரும்பினேன். அவர்கள் தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் என் தாத்தாவுக்குத் திதி கொடுத்துவிட்டு, மாசி பிறக்கும் சமயத்தில்தான் ஊருக்கு வந்தார்கள். வந்த ஒரு வாரத்தில் இழுப்பு ஐந்தாகிவிட்டது. நோய் போய்விடவில்லை; போகக்கூடிய நோயும் அன்று. சானடோரிய டாக்டர் நுரையீரலை ஊதிப் பார்க்கச் சொல்லிவிட்டு, சென்ற ஆண்டைவிடக் குறையவில்லை, அதுவே நல்ல செய்தி என்றார். கும்பகோணம் போன வழியைக் கேட்டு அம்மாவைக் கடிந்துகொண்டார். இனிமேல் திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போகச் சொன்னார்.

வண்டியை விற்றுவிடலாம் என்று நான்தான் முதலில் பேச்செடுத்திருந்தேன். திருமழிசையிலிருந்து ஒருவர் வந்து விலையும் பேசினார். அப்பா சரி என்றுதான் சொன்னார். அம்மா, "தை போகட்டும்" என்றாள். அந்தத் தை போய் அடுத்த மார்கழியும் வந்தது. கார்த்திகை கடைசியில் ஒருநாள் கல்லூரி விட்டு வந்தபோது, அம்மா புதிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை மடியில் வைத்து, ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தேதிக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று, இழுப்புக்கு ஒன்று. "திருச்சி வழியில பெட்ரோல் பங்கு எங்கெங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லு" என்றாள். போனை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாவி ஆணியில் தொங்கியது.